காணாத கோலின் நினைவு: 1911 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டமும் மோகன் பகான் ரசிகர்களின் வரலாற்றுணர்வும்

ஆய்வுச்சுருக்கம்

கல்கத்தாவில் 1911 ஜூலை 29 அன்று நடைபெற்ற ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அவ்வாட்டத்தில் மோகன் பகான் அடித்த இரு கோல்களும் நூற்றாண்டு கடந்தும் அவ்வணியின் ரசிகர்களால் நினைவுகூரப்படுகின்றன. அந்நினைவில் பிற்காலத்தே சேர்ந்த கூறுகளைப் பிரித்தறிந்து, அவை எக்காலத்துக்கு, எவருக்குத் தேவைப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மோகன் பகான், ஐ.எஃப்.ஏ. கேடயம், ரசிகர் நினைவு, சுதேசி இயக்கம், வெறுங்கால் ஆட்டம், கிழக்கு வங்கம்.

முன்னுரை

ஓர் அணியின் வரலாற்றில் மறக்கவியலாத ஆட்டநிகழ்வு எது என்று அதன் ரசிகரிடம் வினவினால், பெரும்பாலும் தாம் கண்ட ஒன்றையே அவர் குறிப்பிடுவார். கல்கத்தாவின் மோகன் பகான் ரசிகர்கள் இதற்கு விலக்காக உள்ளனர். அவர்தம் நினைவின் உச்சியில் நிற்பது இன்று வாழ்வோர் எவரும் கண்டிராத ஓர் ஆட்டம். அதனைக் காட்டும் அசைபடம் எதுவும் இன்று கிடைப்பதில்லை. ஆயினும் சிவதாஸ் பாதுரி பந்தைக் கடத்தியதும் அபிலாஷ் கோஷ் அதனை வலைக்குள் செலுத்தியதும் நேற்று நடந்தவைபோல் எடுத்துரைக்கப்படுகின்றன.

இத்தகைய நினைவை வரலாற்றாய்வாளர் எவ்வாறு கையாள்வது? ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் களைவது ஒரு வழி. அது தேவையான பணிதான், ஆனால் போதுமானதன்று. ஏட்டுச்சுவடியில் இடைச்செருகலைக் கண்டறியும் பதிப்பாசிரியர் அதனை மூலத்திலிருந்து நீக்குகிறார். அச்செருகல் மூலநூலாசிரியரின் காலத்துக்குச் சான்றாகாது. செருகியவரின் காலத்துக்கோ நல்ல சான்றாகும். ரசிகர் நினைவில் பின்னர் வந்து சேர்ந்த கூறுகளையும் இவ்வாறே அணுகலாம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆட்டமும் அதனைக் கண்டோரும்

1889 ஆகஸ்டு 15 அன்று தோற்றுவிக்கப்பட்ட மோகன் பகான், 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டிரேட்ஸ் கோப்பையை வென்று பெயர் பெற்றது. 1893இல் தொடங்கிய ஐ.எஃப்.ஏ. கேடயமோ அதுவரை ஆங்கிலேயப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் அணிகளும் தமக்குள் வென்றுவந்த பரிசாக இருந்தது. 1911இல் மோகன் பகான் முதலில் செயின்ட் சேவியர் கல்லூரி அணியையும், அடுத்து ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட் அணிகளையும் வென்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1-1 எனச் சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 3-0 என வென்று இறுதிக்கு வந்தது.

இறுதியாட்டத்தில் முதல் கோலை அடித்தது கிழக்கு யார்க்‌ஷயர் அணியே. ஜாக்சன் என்னும் வீரர் ஃப்ரீ கிக் மூலம் அதனை அடித்தார். அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபோது சிவதாஸ் தந்த பந்தை அபிலாஷ் கோஷ் கோலாக்கினார். ஆட்டத்தின் போக்கு குறித்து ஐயமின்றிக் கூறத்தக்கது ஏறத்தாழ இவ்வளவே.

கூட்டம் குறித்த மதிப்பீடுகள் அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை வேறுபடுகின்றன. சிறப்பு ரயில்களிலும் கூடுதல் நீராவிப் படகுகளிலும் மக்கள் வெளியூர்களிலிருந்து வந்தனர். இத்துணைப் பெரிய கூட்டம் அமர்ந்து காண்பதற்குரிய அரங்கு கல்கத்தா கால்பந்துக் கழக மைதானத்தில் இல்லை. மரங்களின் மீதும் பெட்டிகளின் மீதும் ஏறி நின்றவர்களுக்கு ஆட்டத்தின் சிறு பகுதி தென்பட்டிருக்கலாம். அவர்களுக்கும் பின்னால் நின்றோருக்கு மனித முதுகுகளன்றி வேறொன்றும் தெரிந்திராது. அவர்களுக்குக் கோல் கணக்கை அறிவிக்கப் பட்டங்கள் பறக்கவிடப்பட்டன.

பட்டங்களைப் பற்றிய இச்செய்தி ரசிகர் கதைகளில் ஒரு சுவையான துணுக்காகவே இடம்பெறுகிறது. அதற்கு அதனினும் கூடுதலான பொருளுண்டு. மைதானத்துக்கே வந்திருந்தோரில் பெரும்பகுதியினர் அக்கோல்களைக் கண்டவர்கள் அல்லர்; வானத்தைப் பார்த்து அறிந்தவர்கள். முன்வரிசையில் இருந்தவர் பின்னிருந்தவருக்குச் சொல்ல, அவர் வீட்டாருக்கும் ஊராருக்கும் சொல்ல, அன்று மாலையே அந்த ஆட்டம் செவிவழிச் செய்தியாகிவிட்டது. பிற்காலத் தலைமுறையினர் அதனைக் காணாமலே நினைவுகூர்வதில் புதுமை ஏதுமில்லை. தொடக்கம் முதலே அந்நினைவின் இயல்பு அதுதான்.

மறக்கப்பட்ட ஒரு வெற்றி

இந்திய அணியொன்று ஆங்கிலேயப் படைப்பிரிவை வென்றது 1911இல்தான் முதன்முறை என்று பலரும் எண்ணுவதுண்டு. 1892ஆம் ஆண்டிலேயே டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் சோவாபஜார் அணி கிழக்கு சர்ரே படைப்பிரிவை 2-1 என வென்றிருந்தது. கோல் கணக்கும் அதேதான். ஆயினும் அவ்வெற்றி விளையாட்டு வரலாற்றாசிரியர்களின் நூல்களில் வாழ்கிறதேயன்றி மக்கள் நாவில் வாழவில்லை.

இரண்டு போட்டிகளின் தகுதி வேறுபாடு இதற்கு ஓரளவே விளக்கமாகும். முதன்மையான காரணம் இரண்டு ஆட்டங்களுக்கும் இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் உள்ளது. 1905 அக்டோபர் 16 அன்று வங்கம் பிரிக்கப்பட்டது. அதனை எதிர்த்தெழுந்த சுதேசி இயக்கம் சில ஆண்டுகளில் அடக்குமுறைக்குள்ளாகித் தளர்ந்தது. இளைஞர் குதிராம் போஸ் 1908 ஆகஸ்டு 11 அன்று தூக்கிலிடப்பட்டார். 1911ஆம் ஆண்டுக் கல்கத்தாவில் சினம் மிகுந்திருந்தது. அது வெளிப்படுவதற்கான வழியோ குறைந்திருந்தது. மைதானத்தில் ஒரு படைப்பிரிவை வெல்வதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

வங்காளியர் உடலுறுதியும் வீரமும் அற்றவர் என்னும் கருத்தை மெக்காலே முதலாக ஆங்கிலேயர் பலர் எழுதிப் பரப்பியிருந்தனர். இதற்கு மறுமொழியாக உடற்பயிற்சிக் கூடங்களும் விளையாட்டுக் கழகங்களும் வங்கத்தில் பெருகின. 1897இல் சென்னையில் ஆற்றிய உரையொன்றில், இளைஞருக்கு முதலில் வேண்டுவது வலிமை என்று வலியுறுத்திய விவேகானந்தர், கீதையைக் கற்பதைவிடக் கால்பந்தாட்டம் அவர்களை விண்ணுலகுக்கு அருகில் கொண்டுசெல்லும் என்ற கருத்தை வெளியிட்டார். அவர் அதனைக் கூறியபோது சோவாபஜாரின் வெற்றிக்கு ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

மற்றொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் ஆடி, ஆண்டுதோறும் புதிய ரசிகரைச் சேர்க்கும் கழகம் இருந்தால்தான் பழைய வெற்றிக்கு வாரிசுகள் இருப்பர். சோவாபஜாருக்கு அத்தகைய தொடர்ச்சி வாய்க்கவில்லை.

வெறுங்கால்களும் ஒரு சோடி பூட்ஸும்

வெற்றிக்கு மறுநாள் 'நாயக்' என்னும் வங்க நாளிதழ், சோறுண்டு மலேரியாவால் நலியும் வெறுங்கால் வங்காளியர், மாட்டிறைச்சி உண்டு பூட்ஸ் அணியும் ஆங்கிலேயரை அவர்தம் ஆட்டத்திலேயே வென்றனர் என்ற பொருள்பட எழுதியது. அந்த முரண்சித்திரம் இன்றளவும் நிலைத்துள்ளது.

பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர் என்பது மெய்யே. தற்காப்பு வீரர் சுதீர் சாட்டர்ஜி மட்டும் பூட்ஸ் அணிந்து ஆடினார். அவர் வங்கக் கிறித்தவர், பிற்காலத்தில் சமயகுருவானவர். ரசிகர்கள் அவரை மறந்துவிடவில்லை. 'அமர் ஏகாதஷ்', அதாவது இறவாப் பதினொருவர், என்னும் பட்டியலில் அவர் பெயர் தவறாது இடம்பெறுகிறது. ஆனால் கதை சொல்லப்படும்போது அணி முழுவதும் வெறுங்காலுடன் ஓடுகிறது. பெயர் நினைவில் நிற்க, அவர் காலிலிருந்த பூட்ஸ் மறைந்துவிடுகிறது. நினைவு பொய் சொல்வதில்லை என்றும், பதினொன்றில் ஒன்றை விட்டுவிட்டுக் கூட்டுகிறது என்றும் இதனை விளக்கலாம்.

இச்சித்திரம் பின்னாளில் விபரீதமான வேலையொன்றும் செய்தது. 1950 உலகக் கோப்பையில் இந்தியா பங்கேற்காததற்கு வெறுங்காலுடன் ஆட அனுமதி மறுக்கப்பட்டதே காரணம் என்ற கூற்று இன்றும் உலவுகிறது. ஒலிம்பிக் போட்டிக்கு அளித்த மதிப்பை அன்றைய நிருவாகிகள் உலகக் கோப்பைக்கு அளிக்கவில்லை என்பதே ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். ஆயினும் 1911இன் வெறுங்கால்கள் உள்ளத்தில் பதிந்துவிட்ட சமூகத்துக்கு முதல் விளக்கமே இனிக்கிறது. நிருவாகத்தின் அக்கறையின்மை தன்மானக் கதையாக மாறிவிட்டது.

தலைநகரும் கொடியும்

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டதும் தலைநகர் தில்லிக்கு மாற்றப்படுவதும் அறிவிக்கப்பட்டன. மோகன் பகானின் வெற்றி கண்டு அஞ்சியே ஆங்கிலேயர் கல்கத்தாவை விட்டகன்றனர் என்று ரசிகர்கள் கூறுவதுண்டு; பாதி வேடிக்கையாகவும் பாதி நம்பிக்கையாகவும் கூறப்படும் பேச்சு அது. காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. ஆளுநர் நாயகத்தின் அவை உறுப்பினர் ஜான் ஜென்கின்ஸ் இம்மாற்றத்தை ஜூன் மாதத்திலேயே முன்மொழிந்துவிட்டார். ஹார்டிஞ்ச் அரசின் முறையான மடல் ஆகஸ்டு 25ஆம் நாளிட்டது. இறுதியாட்டம் இவ்விரண்டுக்கும் இடையில் நடந்தது. காரணம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

கொடி பற்றிய கதை இதனினும் நுட்பமானது. வெற்றிக்குப்பின் மைதானத்தைவிட்டு வெளியேறிய வீரர் ஒருவரிடம், முதியவர் ஒருவர் வில்லியம் கோட்டையின் மீது பறந்த ஆங்கிலேயக் கொடியைச் சுட்டி, அது எப்போது இறங்கும் என வினவினாராம். வினவப்பட்டவர் எவர் என்பது கதைக்குக் கதை மாறுகிறது. மோகன் பகான் மீண்டும் கேடயத்தை வெல்லும்போது என்பது விடை. மோகன் பகான் இரண்டாவது முறையாக அக்கேடயத்தை வென்றது 1947ஆம் ஆண்டில்.

தனிப்பாடல்களுக்குப் பின்னால் வழங்கும் கதைகளைப் படித்தவர்களுக்கு இவ்வமைப்பு புதிதன்று. விடை முன்னரே தெரிந்திருக்க, வினா பின்னர் எழுகிறது. முதியவர் கொடியைச் சுட்டியது நிகழ்ந்திருக்கலாம். அதனை மறுக்கவும் நிறுவவும் வழியில்லை. இரண்டாம் கேடயம் என்னும் விடையோ 1947க்கு முன்னர் நினைவில் வைக்கத் தகுந்த பொருள் எதனையும் கொண்டிருக்க இயலாது. எனவே கதையின் இப்பகுதிக்குக் கீழெல்லை குறிக்கலாம். சுதந்திரம் பெற்ற, ஆனால் மீண்டும் பிளவுண்ட வங்கத்தில், விடுதலைக்கான நெடிய கதையில் தம் கழகத்துக்கும் ஓர் அதிகாரம் வேண்டும் என்று ரசிகர்கள் விரும்பிய காலத்தின் குரல் அது.

எவருக்குரிய நினைவு?

1911இல் அவ்வெற்றி ஒரு கழகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. முஸ்லிம்களும் இந்துக்களோடு சேர்ந்து மகிழ்ந்ததை 'தி முசல்மான்' இதழ் பதிவு செய்தது. வென்ற பதினொருவரில் பெரும்பாலோர் கிழக்கு வங்கப் பின்னணி உடையவர்கள். இவ்விரு செய்திகளும் பிற்கால ரசிகருக்கு இடர்ப்பாடு தந்தன.

1920இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றிய பின்னர், கிழக்கு வங்க வேர்களைக் கொண்ட 'பங்கால்' மக்களுக்கென ஓர் அணி வாய்த்தது. மோகன் பகான் மேற்கு வங்கத்து 'கோட்டி' மக்களின் அணியாகக் கருதப்படலாயிற்று. 1947க்குப் பின் ஏதிலியராக வந்த பெருந்திரள் இப்பிளவை ஆழமாக்கியது. அதன் விளைவாக, கிழக்கு வங்கத்தாரின் கால்களால் பெரிதும் வெல்லப்பட்ட ஆட்டம், கிழக்கு வங்கத்தாரை எள்ளும் ரசிகர்களின் தலையாய பெருமையாயிற்று. ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இம்முரணைச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை. வரலாற்றாய்வாளர் இவ்விடத்தில் அவர்கள் பக்கமே நிற்க வேண்டியுள்ளது.

எனினும் அவர்கள் 1911ஐத் தமதாக்கிக்கொள்ள முயலவில்லை. வேறு ஆட்டங்களைத் தேர்ந்துகொண்டனர். 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகானை 5-0 என வென்றது அவற்றுள் முதன்மையானது. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் ஏறத்தாழ 1,31,000 பேர் முன்னிலையில் பைச்சுங் பூட்டியா அடித்த மூன்று கோல்கள் மற்றொன்று. இவை கண்டவர்களின் நினைவுகள். எதிரணி படைப்பிரிவன்று, அண்டைவீட்டார்.

முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களின் நிலை வேறு. 1934 முதல் 1938 வரை கல்கத்தா லீகைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற அணி அது; லீகை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே. 1940இல் டூராண்டு கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே; அங்கும் வீழ்ந்தது ஓர் ஆங்கிலேயப் படைப்பிரிவுதான். கால்பந்தின் அளவுகோலால் நோக்கினால் ஐந்தாண்டுத் தொடர் வெற்றி ஒரு கேடயத்தைவிடச் சிறியதென்று கூற இயலாது. ஆனால் அவ்வெற்றிகள் தேசத்தின் வெற்றிகளாக அன்றி ஒரு சமயத்தாரின் வெற்றிகளாகவே பொதுநினைவில் ஒதுக்கப்பட்டன. 1911க்கு அஞ்சல்தலையும் திரைப்படமும் ஆண்டுவிழாவும் உண்டு. கழகத்தின் நூற்றாண்டான 1989இல் இந்திய அஞ்சல்துறை தலை வெளியிட்டது. 2011இல் 'எகாரோ' என்னும் வங்கத் திரைப்படம் வந்தது. ஜூலை 29 மோகன் பகான் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1934க்கு அவ்வாறான நாள் எதுவும் பொதுநாட்காட்டியில் இல்லை.

2020ஆம் ஆண்டு அந்நாளில் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்து நாஸ்டாக் விளம்பரத் திரையில் கழகத்தின் சின்னமும் பச்சை, அரக்கு வண்ணங்களும் ஒளிர்ந்தன. அந்த ஒளிப்படம் கல்கத்தா ரசிகர்களிடையே கைபேசி வழியே பரவியது. 1911இல் பட்டத்தை அண்ணாந்து நோக்கியவர்களைப் போலவே அவர்களும் கோலைக் காணவில்லை, வண்ணங்களைக் கண்டனர்.