கண்டி அரண்மனையும் மதுரை மணப்பெண்களும்

கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை மையமாகக் கொண்டு, தேவிந்த கோங்கஹகேயின் இயக்கத்தில் 2018இல் வெளிவந்த ‘கிரிவெஸ்ஸிபுர’ என்னும் சிங்களத் திரைப்படம் அவ்விளம் அரசனின் காலத்தின்மீது மீண்டும் கவனத்தைத் திருப்பியது. காதற்கதைக்கு ஏற்ற களமாகத் தோன்றும் அந்த அரசவையில், திருமணம் உண்மையில் அரசுரிமையையே தீர்மானித்தது.

பட்டத்தரசி அரசகுலத்தில் பிறந்தவளாக இருக்க வேண்டும் என்ற நியதியால், ‘ரதல’ எனப்பட்ட உள்ளூர் உயர்குடிப் பிரதானிகளின் மகளிர் அத்தகுதியைப் பெறவில்லை. ஆகவே மதுரை நாயக்கர் குடும்பங்களிலிருந்து பெண் எடுக்கப்பட்டது. 1739இல் கண்டி அரசன் நரேந்திரசிங்கன் இறந்தபோது, உள்ளூர் உயர்குடிப் பெண்ணுக்குப் பிறந்த அவனுடைய மகன் ஒதுக்கப்பட்டு, பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். மணவழி வந்த உறவினர் குடியிருந்த தெரு இன்று மலபார் வீதி எனப்படுகிறது. ‘மலபார்’ என்பது ஐரோப்பியர் தமிழரைக் குறித்த பெயர்.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையின்றி இறந்ததும், மகா அதிகாரமாக, அதாவது முதன்மை அமைச்சராக இருந்த பிலிமத்தலாவை, தம் சொற்படி நடப்பான் என நம்பி, நாயக்கர் வழிவந்த 18 வயதுக் கண்ணசாமியை அரியணையில் அமர்த்தினார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனான அவ்விளைஞன் பொம்மையாக இருக்க இசையவில்லை. பிலிமத்தலாவையே பின்னர் அவனுடைய ஆணைப்படி மரண தண்டனைக்கு உள்ளானார். வயல்நிலத்தை மறித்து அவன் உருவாக்கிய ஏரியின் கரையில், நீருக்குள்ளேயே சுவர் இறங்கி நிற்கும் ‘உல்பெங்கே’ என்னும் அரசியரின் நீராடு மண்டபமும், இன்று தேசிய நூதனசாலையாக உள்ள ‘பல்லே வாசல’ என்னும் அந்தப்புரமும், அவ்வரசியரின் வாழ்வை எந்தத் திரைக்காட்சியையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆயினும் ஏரி வெட்டும் பணிக்கு மக்கள் வற்புறுத்தப்பட்டதையும், 1814இல் எகலப்பொலை என்னும் பிரதானியின் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதையும் மறைத்து, அவனைக் காதலனாக மட்டும் காட்டுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். பிரித்தானியர் தம் படையெடுப்பை நியாயப்படுத்தத் தீட்டிய கொடுங்கோலன் சித்திரத்தை அப்படியே ஏற்பதும் அதற்கு நிகரான அநீதியே.

1815 பெப்ரவரி 18ஆம் திகதி தும்பறைப் பகுதியில் அரசியரோடு பிடிபட்ட அவன், மறு ஆண்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவ எனும் அரசவை மண்டபத்தில் ஏற்கப்பட்ட கண்டி ஒப்பந்தமோ அவனை நீக்கியதோடு நிற்காமல், அவனுடைய ஆண் உறவினர் எவரும் எழுத்துமூல அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுக்குள் நுழைந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என விதித்து, மணவுறவால் அரசுரிமை கைமாறிய வழியை அடைத்தது.