ஆளுடைய பிள்ளையார் பிரபந்தங்கள்

ஆளுடைய பிள்ளையார் எனப்படும் திருஞானசம்பந்தர்மீது நம்பியாண்டார் நம்பி பாடிய ஆறு நூல்கள்: அந்தாதி, சண்பை விருத்தம், மும்மணிக்கோவை, உலாமாலை, கலம்பகம், தொகை. பதினோராம் திருமுறையில் இடம்பெற்றவை. நம்பியின் ஊர் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூர்.

சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டினர். பதினாறு வயதில் மறைந்தார் என்பது மரபு. சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள நல்லூர்ப்பெருமணத்தில் (இன்றைய ஆச்சாள்புரம்) திருமணம் முடிந்த கையோடு, வந்திருந்த சுற்றத்தாருடன் அவர் சோதியில் கலந்தார் என்கிறது பெரியபுராணம். அந்தக் கூட்டத்தில் அவருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் இருந்தார். பாட்டும் யாழும் ஒரே நாளில் போயின. யாழ்ப்பாணர், அதே கூட்டத்தில் இருந்த முருக நாயனார், திருநீலநக்கர் ஆகியோரின் குருபூசையும் சம்பந்தருடையதும் ஒரே வைகாசி மூலத்தில் வருவது இதனால்தான்.

இப்படி ஒரே நாளில் இசை போனது வேறிடத்திலும் உண்டு: அமெரிக்காவில் 1959 பிப்ரவரி 3 அன்று விமானம் விழுந்து பட்டி ஹாலி உள்ளிட்ட மூன்று இளம் பாடகர்கள் இறந்தனர். டான் மெக்லீன் 'அமெரிக்கன் பை' என்ற பாட்டில் அந்நாளை நினைவுகூர்ந்தது 1971-இல். நம்பி பாடியதோ சம்பந்தர் மறைந்து முந்நூறு ஆண்டுகளாவது கழித்து. புலம்பலை எதிர்பார்த்து இந்நூல்களைத் திறப்பவர் ஏமாறுவார். உலாமாலையில் சம்பந்தர் வீதியில் வருகிறார், பெண்கள் மயங்குகிறார்கள். இறந்தவரைப் பற்றிய பேச்சாகவே அது இல்லை.

தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்து கரையான் அரித்த தேவார ஏடுகளை மீட்டவரும் நம்பியே என்று திருமுறைகண்ட புராணம் கூறும். ஏட்டில் சொல் இருந்தது, இசை இல்லை. அதற்காக எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைத் தேடிப் பண் வகுக்கச் செய்தார்கள். ஆனாலும் சம்பந்தருக்கு ஆறு நூல் பாடிய நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் யாழ்ப்பாணருக்கு ஒதுக்கியது ஒரே செய்யுள்தான். கொஞ்சம் கஞ்சத்தனம்தான்.

எருக்கத்தம்புலியூர் இன்று விருத்தாசலம் பக்கத்தில் இராசேந்திரப்பட்டினம் என்ற பெயரில் இருக்கிறது. யாழ் வழக்கொழிந்துவிட்டது. யாழில் அடங்காதபடி சம்பந்தர் பாடியதாகவும், அதைக் கேட்டுப் பாணர் தம் கருவியையே உடைக்கப் போனதாகவும் சொல்லப்படும் யாழ்மூரிப் பதிகத்தை ஓதுவார்கள் இப்போது அடாணா இராகத்தில் பாடுகிறார்கள்.