திரும்பி வந்தவனுக்குக் கல் இல்லை

புறநானூற்றின் 279-ஆம் பாட்டை வகுப்பிலே நடத்திக்கொண்டிருந்தேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. நம் மேடைகள்தோறும் முழங்கிய பாட்டு. கேட்குந்தோறும் நரம்பு முறுக்கேறும் பாட்டு. பிறந்த வீட்டு ஆண்மகனை முன்னொரு போரிலே பறிகொடுத்தாள் ஒருத்தி. நேற்று, ஆநிரையை மறித்து நின்ற கணவனையும் களம் கொண்டது. இன்று மீண்டும் பறை ஒலிக்கிறது. இருப்பதோ ஒரே மகன். அவன் தலைக்கு எண்ணெய் நீவுகிறாள், வெள்ளாடை உடுத்துகிறாள், வேலைக் கையிலே கொடுத்துக் களம் நோக்கி அனுப்புகிறாள்.

சொல்லி முடித்தேன். பிள்ளைகளின் கண்கள் ஒளிவிட்டன. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து கேட்டான்: "அந்தப் பையன் திரும்பி வந்தானா ஐயா?"

புலவர் அதைச் சொல்லவில்லை என்றேன். உண்மைதான். ஆனால் அந்த விடை எனக்கே போதவில்லை. அன்றிரவு பாட்டை மீண்டும் எடுத்துப் படித்தேன். பறையொலி கேட்ட தாய் விருப்பமும் மயக்கமும் ஒருங்கே கொண்டாள் என்றுதான் மாசாத்தியார் பாடியிருக்கிறார். விருப்பத்தை மட்டும் மேடையேற்றிவிட்டு மயக்கத்தை ஏட்டிலேயே விட்டுவிட்டவர்கள் நாம்!

வீழ்ந்தவனைப் பற்றி நாம் விடிய விடியப் பேசுவோம். அவனுக்குக் கல் உண்டு. கல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் இலக்கணமே வகுத்தது. தக்க கல்லைக் காண்பது தொடங்கி, நீர்ப்படுத்தி, நட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகள். மதுரைக்கு மேற்கே, தேனி மாவட்டத்து வையைப் பள்ளத்தாக்கில், புலிமான் கோம்பை என்றொரு சிற்றூர். அங்கே 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழி எழுத்துப் பொறித்தவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மூத்தவை. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலிலே மாண்டவனுக்கு எடுத்தது. அரண்மனையும் மெய்க்கீர்த்தியும் இல்லாத ஒருவனின் பெயரை இத்தனை நூற்றாண்டு கடந்தும் படிக்க முடிகிறது. பெருமைதான், மறுக்கவில்லை.

வெள்ளையர் ஆட்சியும் கல் பதித்தது. முதல் உலகப் போர் ஓய்ந்ததும், தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றிலே கல்வெட்டுப் பலகைகள் ஏறின. 1914 முதல் 1919 வரை இவ்வூரிலிருந்து போருக்குப் போனவர் இத்தனை பேர். அவருள் உயிர் கொடுத்தவர் இத்தனை பேர் என இரண்டே எண்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பாருங்கள், தோழர்களே! கிடைக்கும் எண்ணைப் பற்றி அந்தப் பலகை ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்தப் போருக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல். மாண்டவர் ஏறத்தாழ 74,000 பேர். எஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள், ஏரைப் பிடித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது வரலாறு.

மீண்டவனின் துயரம் பழந்தமிழர் அறியாததா? அறிந்தே இருந்தனர். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருதான் சேரமான் பெருஞ்சேரலாதன். அவன் களத்திலே சாகவில்லை. கரிகாலன் எறிந்த வேல் அவன் முதுகிலே புண் உண்டாக்கிவிட்டது. மார்பிலே பட்டால் மாண்பு, முதுகிலே பட்டால் மானக்கேடு என்ற காலம் அது. நாணி, வடக்கிருந்து, உண்ணாமல் உயிர் விட்டான். கழாத்தலையார் அதனைப் பாடினார். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவரோ, வென்ற கரிகாலனிடமே சென்று, உன்னைவிட அவன் நல்லவன் அல்லனோ என்று கேட்டார். இதனை மான உணர்ச்சி என்றே நாம் போற்றி வந்தோம். நானும் போற்றியவன்தான். இன்று படிக்கும்போது வேறொன்றும் தெரிகிறது. புண் ஆறியிருக்கக்கூடும், உலகம் என்ன சொல்லும் என்ற எண்ணம் ஆறவில்லை. முடியும் கொடியும் கொண்ட வேந்தனுக்கே இந்த நிலை எனின், முதுகிலே வடுவோடு ஊர் திரும்பிய எளிய மறவன் எந்தத் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்? அவனைப் பாட ஒரு புலவரும் வரவில்லை.

நம் மதுரைக்கே வருவோம். நக்கீரரின் நெடுநல்வாடை, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைத் தலைவனாகக் கொண்டது என்பார்கள். வாடைக் காற்றும் கூதிர்க்கால மழையுமாக இருக்கும் நள்ளிரவு. அரண்மனையிலே அரசி துயிலாமல் கிடக்கிறாள். பாசறையிலே அரசனும் துயிலவில்லை. வாடையிலே விளக்குச் சுடர் ஆடுகிறது. சேறு பட்ட தெருவிலே குதிரைகள் உடல்மீது விழும் துளியை உதறுகின்றன. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று, புண்பட்டுக் கிடப்பவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். அரசன், நழுவும் மேலாடையை இடக்கையால் பற்றிக்கொண்டு, ஓர் இளைஞன் தோளிலே மறு கையை ஊன்றி நடக்கிறான். வெற்றிக் களிப்பு எங்கே? ஒரு சொல்லும் இல்லை! நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலே வரும் அரசனும் அப்படித்தான். புண்பட்ட யானைகளையும், புல்லுண்ண மறந்த குதிரைகளையும், தனக்காக மாண்டவர்களையும் நினைந்து அவனுக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

சரி, அரசன் வந்து பார்த்துவிட்டுப் போனான். புண்பட்டவன் வீடு சேர்ந்த பிறகு? அதற்குப் புறநானூற்றின் 281-ஆம் பாட்டு விடை சொல்கிறது. அரிசில் கிழார் பாடியது. வீட்டிலே வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, குழலூதி, மணியடித்து, நறும்புகை எழுப்பி, காஞ்சிப் பண் பாடி, வீரனின் புண்ணைக் காப்போம் வா என்று தோழியை அழைக்கிறாள் மனைவி. புண்பட்டவனைப் பேய் தீண்டாமல் காப்பதற்குத் 'தொடாக் காஞ்சி' என்று ஒரு துறையே உண்டு.

பேய் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டிலே இரவெல்லாம் பிதற்றிய, திடுக்கிட்டு எழுந்த, வெறித்துப் பார்த்த ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? அதற்கு அன்று கிடைத்த பெயர் பேய். மூடநம்பிக்கைதான், எனினும் அந்தப் பெண் அவனை விட்டு விலகவில்லை, கோழை என்று ஏசவுமில்லை. தன் பாட்டோடு பக்கத்திலேயே இருந்தாள்.

அறிவியல் வளர்ந்த ஐரோப்பா என்ன செய்தது? குண்டு மழையிலே நடுங்கிப் பேச்சிழந்தவர்களின் நோயை 'ஷெல் ஷாக்' என்ற பெயரிட்டு, 1915-இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டிலே எழுதினார் சார்லஸ் மயர்ஸ். அதே போரிலேதான், ஓடிப்போனான், கோழையானான் என்றெல்லாம் குற்றம் சாட்டித் தன் படைவீரர்களையே நிறுத்திச் சுட்டது பிரிட்டன். அவர்களுள் 306 பேருக்கு 2006-இல் மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு ஆண்டு கழித்து! வியட்நாம் போரிலிருந்து மீண்டவர்கள் குரல் எழுப்பிய பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்தத் துயரத்தை ஒரு நோயாகத் தன் ஏட்டிலே பதிந்தது.

எங்கள் ஊரில் ஒரு பட்டாளத்துக்காரர் உண்டு. 1987-இல் இந்திய அமைதிப் படையோடு இலங்கைக்குப் போனவர். அந்த அக்டோபரிலே யாழ்ப்பாணத்துக்கான போர் மூண்டது. வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை அவருக்கு. உடன் வந்தவர்களுக்கு அழுகை மட்டுமே கேட்டது. அவருக்குச் சொற்களும் கேட்டன. "நீயும் தமிழ்ப் பிள்ளைதானே, தம்பி?" என்று ஒரு கிழவி கேட்டாளாம். அதற்குமேல் அவர் சொன்னதில்லை. ஊர் வந்தபின் உறக்கமில்லை. வீட்டார் கோடாங்கியிடம் அழைத்துப் போனார்கள். களத்துப் பேய் கடல் தாண்டி வந்துவிட்டது என்று உடுக்கை அடித்தான் அவன். மருத்துவரிடம் போனது எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின்னர்.

அந்தப் படையிலே ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னையில் வந்திறங்கியபோது, முதல்வராயிருந்த கலைஞர் வரவேற்புக்குச் செல்லவில்லை. ஈழத் தமிழர் சிந்திய குருதி அதற்குக் காரணம். நான் அந்த முடிவைக் குறை கூறவில்லை. ஆனால் படையை மறுத்த நாம், அந்தப் படையிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பிய ஒற்றைத் தமிழனிடம் என்ன கேட்டோம்? எத்தனை பேரைச் சுட்டாய் என்று தேநீர்க் கடையிலே கேட்டோம். கூலிக்குப் போனவன் என்றோம். வேறொன்றும் கேட்கவில்லை.

சென்ற வாரம் அவரிடம் போய், மாணவன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"வந்திருப்பான், தம்பி. வந்து மாடு மேய்ச்சிருப்பான். ஆத்தாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான்" என்றார்.

மறுநாள் வகுப்பிலே, 281-ஆம் பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன்.