யார் கண்ட மாற்றம்? ஆட்டிசக் குழந்தைக்கான மாற்றுச் சிகிச்சையும் வீட்டுச் சச்சரவும்

ஆட்டிசக் குழந்தைக்கு நிரூபணமாகாத சிகிச்சை தரலாமா என்று வீட்டுக்குள் எழும் தகராறை அறிவுக்கும் நம்பிக்கைக்குமான மோதலாகவே ஆய்வுலகில் ஒரு சாரார் எழுதி வருகின்றனர். ஒருபுறம் படித்த இளம் தாய், மறுபுறம் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் மாமியார். வடசென்னையின் மணலி புதுநகரில் இந்தச் சித்திரம் எளிதில் தலைகீழாகிவிடும். பாலையும் தயிரையும் கோதுமையையும் நிறுத்தும் உணவுமுறையைக் கொண்டுவருபவள் அந்தப் படித்த தாயாகவே இருப்பதுண்டு. “புள்ளைக்கு ஒரு வாய் மோர்சோறுகூடக் கிடையாதா?” என்று தடுப்பவர் பாட்டி. அப்படியானால் சண்டை எதைப் பற்றியது?

இதற்கு விடை காண 1999இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் வெளியிட்ட செக்ரெடின் ஆய்வை மறுபடி படிக்க வேண்டும். குடல் பரிசோதனைக்காகச் செக்ரெடின் பெற்ற மூன்று குழந்தைகள் மேம்பட்டதாக 1998இல் செய்தி வர, பெற்றோர் அந்த ஹார்மோனைத் தேடி அலைந்தனர். அதைச் சோதித்த ஆய்வில் 60 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, 56 பேரின் முடிவுகள் அலசப்பட்டன. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். மருந்தால் பயனில்லை என்றே முடிவு வந்தது. அதைக் கேட்ட பிறகும் 69 விழுக்காட்டுப் பெற்றோர் செக்ரெடினில் தங்களுக்கு ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள். முந்தைய ஆய்வாளர்கள் இந்த 69ஐப் பிடித்துக்கொண்டு, பெற்றோரின் கண்மூடித்தனத்துக்குச் சான்றாக்கினார்கள்.

அவர்கள் கடந்துபோன எண்கள் அதே பக்கத்தில் இருக்கின்றன. அன்றாட நடத்தையை அளக்கும் பட்டியலில் மதிப்பெண் கூடினால் சிரமம் அதிகம் என்று பொருள். நான்கு வாரங்களில் அது மருந்து பெற்ற குழுவில் சராசரியாக 8.9 குறைந்தது, உப்புநீர் பெற்ற குழுவில் 17.8 குறைந்தது. குழுக்களுக்கிடையிலான வேறுபாடு புள்ளியியல்படி உறுதியானதல்ல. அதன்மீது எதையும் கட்ட நான் விரும்பவில்லை. ஆனால் இரு குழுவிலுமே மதிப்பெண் இறங்கியிருக்கிறது. இந்த இறக்கத்தில் ஒரு பங்கு பார்ப்பவரின் ஆசையாக இருக்கலாம். மோசமான ஒரு கட்டத்தில் ஆய்வுக்கு வந்த குழந்தை தன் இயல்பு நிலைக்குத் திரும்பியதும் இருக்கலாம். முழுவதும் அதுவே என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டிசக் குழந்தையும் வளர்கிறது, கற்கிறது, புதிய சொல்லைச் சொல்கிறது. பெற்றோர் கண்டது பொய்யல்ல என்றே கருதுகிறேன். கண்டதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் தவறு.

அமெரிக்கப் பெற்றோரை வைத்து வடசென்னையைப் பேசலாமா என்ற ஆட்சேபம் என்னை நிறுத்தவில்லை. பிள்ளையின் முதல் சொல்லுக்குக் காத்திருப்பதில் ஊர் வேறுபாடு அதிகமில்லை.

மணலி புதுநகரில் இந்த வாசிப்பு கூடுதலாக ஒன்றைக் காட்டுகிறது. ஆலையில் நைட் ஷிப்ட் முடித்து வரும் தகப்பன் பிள்ளையை விழித்த நிலையில் பார்ப்பதே குறைவு. வாரம் ஒருநாள் கூர்ந்து பார்ப்பவருக்கு மாற்றம் பளிச்சென்று தெரியும். நாள் முழுக்க உடனிருப்பவளுக்கு அது மெல்ல மெல்ல வந்தது தெரியும். “தண்ணின்னு கேட்டான், மருந்து வேலை செய்யுது” என்பார் அவர். “போன மாசமே ‘த’ன்னு சொன்னான்” என்பாள் அவள். இருவரும் மெய்தான் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்குக் கட்டியவருக்குக் காரணத்தை விட்டுக்கொடுப்பது இன்னும் கடினம்.

இப்பகுதிக்கே உரிய சிக்கலும் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அனல்மின் நிலையச் சாம்பல் படிவதையும் கண்டவர்களிடம், பிள்ளை உடம்பில் சேர்ந்த உலோகத்தை எடுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? மாசு பற்றிய அவர்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. உலோகத்தை வெளியேற்றத் தரப்படும் கீலேஷன் ஊசி அதற்கு விடையல்ல. 2005இல் பென்சில்வேனியாவில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் அந்த ஊசியால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தான்.

சட்டமும் அறிவிப்பும் இந்தச் சச்சரவைத் தீர்க்கவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 டிசம்பரில் சொன்னது. 2023இல் பெற்றோர் சிலர் தில்லி உயர்நீதிமன்றம் போய், தொடங்கிய சிகிச்சையைத் தொடர இடைக்கால அனுமதி பெற்றார்கள். 180 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான டியூக் பல்கலைக்கழகத் தொப்புள்கொடி இரத்த ஆய்வு தன் முதன்மை இலக்கை எட்டாதது அந்த வீடுகளை எட்டியிருந்தாலும், கண்ணால் கண்டதோடு அது போட்டியிட்டிருக்க முடியாது.

ஆலோசகர் “மாற்றமே இல்லை” என்று தொடங்கினால், பார்த்தவரைப் பொய்யர் என்கிறார்; பேச்சு அங்கேயே முறிகிறது. வீட்டில் உப்புநீர்க் குழு கிடையாது. ஆனால் உணவுமுறை போன்றவற்றில், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பிள்ளையின் சொற்களையும் தூக்கத்தையும் எடையையும் குறித்துவைக்கலாம். எப்போது தொடங்கியது என்று சொல்லப்படாத பள்ளி ஆசிரியையிடம் தனியாகக் குறிப்புக் கேட்கலாம். எத்தனை வாரத்தில் நிறுத்துவது என்பதை விரும்புபவரும் மறுப்பவரும் முன்கூட்டியே முடிவுசெய்யலாம். கீலேஷனுக்கும் ஸ்டெம்செல் ஊசிக்கும் இந்த வழி பொருந்தாது. அவற்றை வீட்டில் சோதித்துப் பார்க்க இடமே இல்லை.