அதிர்வு என்னும் பழைய கேள்வி: நெடுந்தூர மிதிவண்டியின் வரலாற்றிலிருந்து

நெடுந்தூரம் செல்வதற்கென்று மிதிவண்டி வாங்க எண்ணுபவர் கடையில் முதலில் கேட்பது அதன் எடையை. அடுத்துக் கேட்பது சட்டகம் கார்பனா, அலுமினியமா என்பதை. டயரின் அகலம் என்ன, இன்னும் அகலமான டயருக்குச் சட்டகத்தில் இடமுண்டா, கைப்பிடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஏற்றத்தில் மிதிக்கத்தக்க சிறிய கியர் உள்ளதா என்ற கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. பன்னிரண்டு மணிநேரம் இருக்கையில் கழிக்கப்போகும் ஒருவருக்கு முதன்மையானவை இவையே. கேள்விகளின் வரிசை இவ்வாறு தலைகீழானது தற்செயல் அன்று. அதற்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு.

1880-களில் மிதிவண்டியின் பெருங்குறையாகக் கருதப்பட்டது அதிர்வு. கெட்டி ரப்பர் பூட்டிய சக்கரங்கள், கல் பாவிய தெருவின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்குக் கொண்டுசேர்த்தன. உயர்ந்த முன்சக்கரம் கொண்ட பழைய வண்டியைவிட, சிறு சக்கரங்கள் கொண்ட 'சேஃப்டி' வகையில் இத்தொல்லை மிகுந்திருந்தது. 1885-இல் வெளிவந்த 'விப்பெட்' போன்ற வண்டிகள் சட்டகத்திலேயே சுருள்வில்லைப் பொருத்தி விடை தேடின. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் வேறொரு வழியைக் கண்டார். தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் குழாயைப் பொருத்திப் பார்த்த அவர், 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

1889-இல் பெல்ஃபாஸ்டில் நடந்த பந்தயத்திற்கு வில்லியம் ஹியூம் இந்தக் காற்று டயருடன் வந்தபோது, அதன் பருமனைக் கண்டு கூட்டம் நகைத்தது. அவர் வென்றதும் நகைப்பு அடங்கியது. டிரெவர் பின்ச், வீபே பைக்கர் ஆகிய இருவரும் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தொழில்நுட்பம் சமூகத்தால் எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதற்குக் காற்று டயரைச் சான்றாகக் காட்டுகிறது. பந்தய வீரர்களுக்கு அதிர்வு ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. ஆகவே அதிர்வைத் தணிக்கும் கருவி அவர்களுக்குத் தேவைப்படவுமில்லை. அதே கருவி வேகத்தைக் கூட்டும் கருவியாக மறுவரையறை பெற்ற பிறகே எல்லாத் தரப்பினரும் அதை ஏற்றனர் என்பது அவர்களின் வாதம்.

இவ்வாதத்தை இன்னும் ஓரடி நீட்டிப் பார்க்கலாம். மறுவரையறைக்கு ஒரு விலை உண்டு. விடை வேகத்தின் பெயரால் ஏற்கப்பட்டதும், அதிர்வு என்னும் மூலக் கேள்வி தீர்ந்துவிட்டதாகக் கொள்ளப்பட்டது. அதன்பின் நல்ல மிதிவண்டி எது என்பதைச் சொல்லும் உரிமை பயணியிடமிருந்து பந்தய வீரருக்குக் கைமாறியது.

இக்கைமாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் நாடு பிரான்சு. 1891-இல் நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் ஏறத்தாழ 1200 கிலோமீட்டரை மிச்செலின் காற்று டயர்களுடன் 71 மணி 22 நிமிடத்தில் கடந்து சார்ல் தெரோன் வென்றார். அதே காலத்தில் சேன்-எத்தியேன் நகரைச் சேர்ந்த போல் தெ விவி, 'வெலோசியோ' என்ற புனைபெயரில், தாம் நடத்திய 'லெ சிக்லிஸ்த்' இதழ் வழியே பயணியின் தரப்பை எடுத்துரைத்தார். மலைப்பாதைகளில் பல கியர்களைச் சோதித்த அவர், அகலமான டயர்களையும் பரிந்துரைத்தார். பந்தய உலகம் அவர் வழியில் செல்லவில்லை. 1903-இல் தொடங்கிய தூர் த பிரான்ஸ், டெரெய்லியர் எனப்படும் கியர் மாற்றியை 1937-இல்தான் அனுமதித்தது. பயணிகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திய ஒன்று, வீரருக்கு வந்துசேர அத்தனை காலம் ஆயிற்று.

1904-இல் தோன்றிய ஓதாக்ஸ் கிளப் பாரிசியனைப் போன்ற அமைப்புகளின் நெடும்பயண மரபில் வேறொரு வண்டி உருவானது. 1940-களில் ரெனே எர்ஸ், அலெக்ஸ் சங்கே ஆகியோரின் பட்டறைகளில் உருவான பயண வண்டிகள் எடை குறைந்தவை. எனினும் மட்கார்டு, விளக்கு, சிறிய கியர், ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகல டயர் ஆகியவற்றுக்கு அவற்றில் இடம் இருந்தது. பந்தய வண்டியோ எதிர்த்திசையில் சென்றது. 1990-களில் 20 முதல் 23 மில்லிமீட்டர் டயரில் பாறைபோல் காற்றடைப்பதே வேகத்திற்கு வழி என்பது கேள்விக்கப்பாற்பட்ட உண்மையாக நிலைபெற்றிருந்தது.

அவ்வுண்மையின் அடிப்படை, மழமழப்பான உருளையின்மேல் டயரை ஓட்டிப் பார்க்கும் ஆய்வக அளவீடு. அந்த அளவீட்டில் மனித உடல் இடம்பெறுவதில்லை. 2000-களில் 'பைசைக்கிள் குவார்டர்லி' இதழின் யான் ஐனெ குழுவினர், ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் மெய்யான சாலைகளில் டயர்களைச் சோதித்தனர். கரடான சாலையில் அதிர்வு ஓட்டுபவரின் தசைகளைக் குலுக்குகிறது. அக்குலுக்கலில் அவர் மிதித்துத் தந்த ஆற்றலே வெப்பமாகி வீணாகிறது. ஆகவே நெகிழ்வான உறையுடைய அகல டயர், குறைந்த காற்றழுத்தத்திலும் வேகத்தை இழப்பதில்லை என்பது அவர்களின் முடிவு. அதிர்வைக் குறைத்த காற்று டயர் 1889-இல் ஏன் வென்றது என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. இன்று பந்தய வீரர்களே 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர்களை நாடுகின்றனர். 'எண்டியூரன்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் சாலை மிதிவண்டிகள், உயர்ந்த கைப்பிடி, நீண்ட சக்கர இடைவெளி, அகல டயருக்கான இடம் என்று பழைய பயண வண்டியின் இயல்புகளை மீட்டெடுத்துள்ளன.

இந்தியாவுக்கு இவ்வரலாறு அயலானது அன்று. 1923-இல் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர்களுள் மூவர், 1928-இல் பயணத்தை முடித்துத் திரும்பினர். 1926-இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட பிமல் முகர்ஜி 1937-இல் ஊர் திரும்பினார். விடுதலைக்குப் பின் அசன்சோல், சோனிபத், லூதியானா ஆலைகளில் உருவான கறுப்பு ரோட்ஸ்டரின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம். அதாவது 38 மில்லிமீட்டர். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய அவ்வண்டியின் டயரும், பிரெஞ்சுப் பயண வண்டியின் டயரும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றே. எடையும் ஒற்றைக் கியரும் ரோட்ஸ்டரின் குறைகள்தாம். ஆனால் அது பழமையின் சின்னமாக ஒதுக்கப்பட்டபோது, குறைகளோடு சேர்த்து அதன் அகல டயரும் நிமிர்ந்த இருப்பும் ஒதுக்கப்பட்டன. அவ்விடத்திற்கு வந்தது சாலைக்கேற்ற வண்டி அன்று, பந்தயத்திடலின் வண்டி.

இன்று ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் வழியாக 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிநேரத்திலும், 600 கிலோமீட்டரை நாற்பது மணிநேரத்திலும் கடக்க முனைவோர் நாட்டின் பல நகரங்களில் உள்ளனர். அவர்களுள் பலர் பாதியில் நிற்பது கால் சோர்ந்து அன்று. மரத்துப்போன உள்ளங்கை, கடுக்கும் கழுத்து, புண்பட்ட இருக்கைப் பகுதி ஆகியவற்றால்தான். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயருக்கு இடம், உடலளவுக்கு ஏற்ற சட்டகம், இடுப்பெலும்பின் அகலத்திற்குப் பொருந்தும் இருக்கை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அதன்பின் எடையைக் கேட்பது, 1880-களின் கேள்வியை மீண்டும் அதற்குரிய இடத்தில் வைப்பதாகும்.

'கம்ஃபர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சொகுசு என்று பெயர்ப்பது வழக்கம். அச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக, வலுவூட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. நெடுந்தூர மிதிவண்டியைப் பொறுத்தவரை அந்தப் பழம்பொருளே இன்றும் பொருந்துகிறது.