கல்லீரல் அறுவை மருத்துவம் வழி கண்ட வரலாறு

குடலிலிருந்து வரும் இரத்தம் பெரும்பாலும் போர்ட்டல் சிரை என்னும் பெருநாளத்தின் வழியாக முதலில் கல்லீரலையே சென்றடைவதால், பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய் வேறெந்த உறுப்பையும்விடக் கல்லீரலுக்கே மிகுதியாகப் பரவுகிறது. அவ்வாறு பரவிய கட்டியை வெட்டியெடுக்க மருத்துவர்கள் நெடுங்காலம் துணியாமைக்கு இரத்தப்பெருக்கே முதன்மைக் காரணம். 1888இல் பெர்லினில் கார்ல் லாங்கென்புக் கல்லீரலின் இடப்புறத்தில் ஒரு பகுதியைத் திட்டமிட்டு அகற்றிய பின்னர், இரத்தக்கசிவை நிறுத்துவதற்காக அந்நோயாளியின் வயிற்றை மீண்டும் திறக்க நேர்ந்தது. கல்லீரலுக்குள் புகும் நாளங்களை நெரித்துப் பிடித்துக் கசிவைத் தற்காலிகமாக அடக்கலாம் என்பதை 1908இல் கிளாஸ்கோ மருத்துவர் ஹோகார்த் பிரிங்கிள் எழுதினார். ஆயினும் உறுப்பின் உள்ளே எந்த நாளம் எங்கே செல்கிறது என்பது தெளிவாகாதவரை கத்தி பாதுகாப்பாகச் செல்ல வழியில்லை.

அவ்வழியைத் தேடியவர்களுள் முதன்மையானவர் வியட்நாமியரான தோன் தாட் துங். 1930களில் ஹனோயில், பிணக்கூறாய்வின்போது உருண்டைப்புழுக்கள் அடைத்துப் பித்தக்குழாய்கள் விரிந்திருந்த ஒரு கல்லீரலைக் கண்ட அவர், மென்மையான திசுவைச் சுரண்டி நீக்கி உள்ளிருந்த குழாய்களின் கிளைகளை வெளிக்கொணர்ந்தார். பின்னர் ஏறத்தாழ 200 கல்லீரல்களை அவ்வாறே ஆராய்ந்தார். கல்லீரல் திசு விரலுக்கு நொறுங்கும், நாளங்களோ நொறுங்காமல் விரலில் தட்டுப்படும் என்ற அறிவே, திசுவை விரலால் நொறுக்கி நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டும் அவருடைய அறுவை முறைக்கு அடிப்படையாயிற்று.

மலக்குடலிலிருந்து பரவிய புற்றுக்காகக் கல்லீரலின் வலப்பகுதியை முறைப்படி அகற்றிய அறுவையை 1949இல் கியோட்டோவில் ஹோன்ஜோ இச்சியோ செய்தார். அவர் அதனை முதலில் ஜப்பானிய மொழியில் மட்டுமே வெளியிட்டமையால், 1952இல் இதைப் போன்ற அறுவையை அறிவித்த பாரிஸின் லோர்தா-ஜாக்கோபுக்கே முதன்மைப் புகழ் நெடுங்காலம் சென்றது. இது நேர்மையான பங்கீடன்று. 1957இல் குளோட் குயினோ, தனித்தனி நாளக்கிளை உடைய எட்டுக் கூறுகளாகக் கல்லீரலைப் பகுத்த பிறகே, நோயுற்ற கூறினை மட்டும் நீக்கிப் பிறவற்றைக் காப்பது இயல்வதாயிற்று.

எஞ்சும் பகுதி மிகச் சிறிதாக இருந்தால் நோயாளி பிழைப்பதில்லை. இத்தடையைக் கடக்க 1980களில் மசாதோஷி மக்குச்சி முதலிய ஜப்பானிய மருத்துவர்கள், அகற்றவிருக்கும் பகுதியின் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்து, மறுபகுதியை வளரச் செய்தனர். வெட்ட இயலாதெனக் கைவிடப்பட்ட கட்டிகளை மருந்தால் சுருக்கிப் பின் அகற்றும் வழியை 1990களில் ஆன்ரி பிஸ்முத்தின் குழுவினர் காட்டினர். இன்று பரவிய புற்றுக்காகக் கல்லீரல் அறுவை பெறுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 5 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர்.