செவாலியே

குதிரையில் ஏறிப் போரிடுபவனைக் குறித்த பிரெஞ்சுச் சொல். சாதாரண வேலைக் குதிரைக்கு லத்தீனில் ‘கபல்லுஸ்’ என்று பெயர்; குதிரைக்காரன் ‘கபல்லாரியுஸ்’. அதுதான் பிரான்சில் தேய்ந்து ‘செவாலியே’ ஆனது. போர்க்குதிரையும் கவசமும் வைத்திருக்கக் காசு வேண்டும், காசுக்கு நிலம் வேண்டும். ஆகவே சொல் மெல்ல மெல்லப் பிரபுக்களின் சொத்தாயிற்று. டியூக், மார்க்கி, கோந்த், பரோன் என்று இறங்கும் வரிசையில் அதற்குக் கடைசி இடம். பெரிய பட்டம் மூத்தவனுக்குப் போய்விட, இளைய மகன்கள் இதை வைத்துக்கொண்டார்கள்.

நடிகர் சிவாஜி கணேசனோடுதான் இந்தப் பட்டம் தமிழரிடம் வந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அவருக்குச் சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்பே புதுச்சேரியில் ஒரு செவாலியே இருந்தார். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளரும் தரகருமானவர்) நைனியப்ப பிள்ளையை 1716-இல் ஆளுநர் எபேர் சிறையில் தள்ளினார். மறு ஆண்டு பிள்ளை சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்ப பிள்ளை நியாயம் கேட்டுப் பாரிசுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். சிறுவன் 15-ஆம் லூயிக்காக ஆட்சி நடத்திய ஓர்லியான் டியூக்தான் ஞானத்தந்தை! 1469-இல் தோன்றிய புனித மிக்கேல் வீரக்குழுவின் செவாலியேயாக ஊர் திரும்பி, தந்தையின் பதவியையும் பெற்றார். அனுபவித்தது கொஞ்ச காலமே, 1724-இல் காலமானார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இவருக்கு உறவினர்.

 

1790-இல் பிரெஞ்சுப் புரட்சி பரம்பரைப் பட்டங்களை ஒழித்தது. சொல் ஒழியவில்லை. 1802-இல் நெப்போலியன் நிறுவிய லெஜியன் ஆஃப் ஹானர் விருதில் அது முதல் படியாகத் திரும்பி வந்தது. 1957-இல் உருவான கலை, இலக்கிய விருதிலும் செவாலியே, ஒஃபிசியே, கொமாந்தர் என்ற மூன்று படிகளில் இதுவே கீழ்ப்படி. சிவாஜி 1995-இலும் கமல்ஹாசன் 2016-இலும் பெற்றது இந்த விருதைத்தான். கீழ்ப்படி என்பதைத் தமிழ்நாடு பொருட்படுத்தவில்லை. ‘நடிகர் திலகம்’ போலவே இதுவும் சிவாஜியின் பெயருக்கு முன்னால் ஏறிக்கொண்டது. தியாகராய நகரின் தெற்கு போக் சாலை ‘செவாலியே சிவாஜி கணேசன் சாலை’ ஆயிற்று.

இந்தியக் குடிமக்கள் அயல்நாட்டுப் பட்டங்களை ஏற்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 18-ஆம் பிரிவு. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயரோடு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது சிவாஜி விருது பெற்ற அதே 1995-இன் டிசம்பரில். செவாலியே அந்த வழக்கில் இல்லை.